பொறியில் விழும் ஈயும் பழத்தில் முட்டையிடும் ஈயும்

மே மாதத்து மாந்தோப்பில், கிளையில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் குடுவையைக் கழற்றிக் கவிழ்த்தால் கைநிறையச் செத்த ஈக்கள் கொட்டும். முதுகில் மஞ்சள் பட்டைகளும் கண்ணாடி போன்ற சிறகுகளும் கொண்ட பழ ஈக்கள். தோப்புக்காரருக்கு அது ஆறுதல் தரும் காட்சி. ஆனால் அதே மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழம் ஒன்றைப் பிளந்தால் சதைக்குள் வெண்புழுக்கள் நெளிகின்றன. குடுவையும் நிறைந்திருக்கிறது, பழமும் அழுகியிருக்கிறது. இவ்விரண்டும் எப்படி ஒருங்கே நிகழ்கின்றன என்ற கேள்விக்கு விடை அந்தக் குடுவைக்குள்ளேயே கிடக்கிறது. செத்த ஈக்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், வயிற்று நுனியில் ஊசிபோல் நீளும் முட்டையிடும் உறுப்பு ஏறத்தாழ எதிலும் தென்படாது. விழுந்தவை ஆண் ஈக்கள். பழத்தைத் துளைத்தவள் குடுவையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தமிழில் வெளிவரும் வேளாண் துண்டறிக்கைகள் பல இந்தக் குடுவையை 'இனக்கவர்ச்சிப் பொறி' என்றே குறிப்பிடுகின்றன. நெல் தண்டுத் துளைப்பானுக்கும் பருத்திக் காய்ப்புழுவுக்கும் வைக்கப்படும் பொறிகளின் பெயர் அது. அங்கே அப்பெயர் பொருந்துகிறது. பெண் அந்துப்பூச்சி தன் உடலிலிருந்து வெளிவிடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து வைக்கிறார்கள். இணையைத் தேடும் ஆண் அதை நாடி வந்து மாட்டிக்கொள்கிறது. மாந்தோப்புக் குடுவையில் இருப்பதோ மெத்தில் யூஜெனால். அது எந்தப் பெண் ஈயின் மணமும் அன்று. துளசியிலும் இன்னும் பல செடிகளிலும் காணப்படும் தாவர வேதிப்பொருள் அது. எத்தனால், மெத்தில் யூஜெனால், மாலத்தியான் ஆகியவற்றின் கலவையில் ஒட்டுப்பலகைத் துண்டை ஊறவைத்துத் தொங்கவிடுவதே இந்தப் பொறி.

இதைச் சொல்லாராய்ச்சிக்காரரின் நுணுக்கவாதம் என்று ஒதுக்கிவிட முடியும். அந்துப்பூச்சிப் பொறியிலும் ஆண்களே விழுகின்றன. இங்கும் ஆண்களே விழுகின்றன. பெயரில் என்ன குடி மூழ்கிவிட்டது என்று ஒருவர் கேட்கலாம். குடி மூழ்குவது வேறோர் இடத்தில். 'இனக்கவர்ச்சி' என்ற சொல் முழுக் கதையையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான விவகாரமாக முடித்துவிடுகிறது. பழம் அந்தக் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. சினை நிறைந்த பெண் ஈ எந்த மணத்தை நாடிப் பழத்துக்கு வருகிறது, எந்த மணத்தால் விலகிப் போகிறது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கும் கேள்வி. பெயர் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது. கேட்கப்படாத கேள்விக்கு ஆய்வு நிதி வருவதில்லை; துண்டறிக்கையில் ஒரு வரி கூட ஏறுவதில்லை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2013-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் மெத்தில் யூஜெனாலை நானோகூழ் ஒன்றில் பொதிந்து, அது காற்றில் விரைந்து ஆவியாகாமல் நீடித்து நிற்கச் செய்தார்கள். கொய்யாத் தோப்பில் பயன்படுத்திக் காட்டிய நல்ல வேலை அது. அந்த ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலும் மெத்தில் யூஜெனாலுக்குக் கிடைத்த பெயர் பெரமோன் என்பதே. பெரமோன் என்பது ஓர் உயிரினம் தன் இனத்தின் இன்னோர் உயிருக்காக வெளிவிடும் வேதிக்குறி. செடியின் பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆய்வாளர் எழுதியதைத் துண்டறிக்கை எழுதுபவர் பெயர்த்தார். துண்டறிக்கையில் உள்ளதை மருந்துக்கடைக்காரர் சொன்னார். கடைக்காரர் சொன்னதைத் தோப்புக்காரர் நம்பினார்.

மெத்தில் யூஜெனாலின் கதை பீகாரிலுள்ள பூசாவில் தொடங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கு இயங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஃப். எம். ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் பணியாற்றினார். கொசுவை விரட்டுவதற்காகச் சிட்ரொனெல்லா எண்ணெய் தெளித்து வைத்த கைக்குட்டையில் பழ ஈக்கள் வந்து மொய்த்த செய்தி அவருக்குத் தெரியவந்தது. அவர் ஆராய்ந்தபோது வந்த ஈக்கள் அனைத்தும் ஆண்களாக இருந்தன. 1912-இல் இதை அவர் வெளியிட்டார். 1915-இல் வெளிவந்த அடுத்த கட்டுரையில் மெத்தில் யூஜெனால் இடம்பெற்றது. அந்தக் கைக்குட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். கொசு அதிலிருந்து விலகியது, பழ ஈ அதை நாடியது; பழ ஈயிலும் ஆண் வந்தது, பெண் வரவில்லை. பின்வந்த நூறாண்டு ஆய்வு விரித்துரைத்ததெல்லாம் அந்த ஒரு துணித்துண்டில் அன்றே சுருக்கமாக இருந்தது.

ஆண் ஈ ஏன் வருகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. மலேசியாவின் டான் கெங் ஹோங், ஜப்பானின் ரிட்சுவோ நிஷிடா ஆகியோரின் ஆய்வுகள் அதைப் பெருமளவு அவிழ்த்தன. ஆண் ஈ மெத்தில் யூஜெனாலை நக்கி உண்கிறது. உடலுக்குள் அதை வேறு இரண்டு பொருள்களாக மாற்றிக் குடலின் கடைசிப் பகுதியிலுள்ள சுரப்பியில் சேர்த்து வைக்கிறது. அந்தி வேளையில் இணையை அழைக்கும்போது அவற்றைக் காற்றில் விடுகிறது. அவ்வாறு உண்ட ஆணுக்கு இணை கிடைப்பதும் எளிதாகிறது. மணமகன் அத்தர் வாங்கப் போகும் கடை என்று மெத்தில் யூஜெனாலைச் சொல்லலாம். அந்தக் கடையில் பெண் ஈக்கு வேலையில்லை. (இந்த ஆசையை முதலாக்கி, ஒரு வகை ஆர்க்கிட் மலர்கள் மெத்தில் யூஜெனாலைக் காட்டி ஆண் ஈயை வரவழைத்துத் தம் மகரந்தத்தை அதன் முதுகில் ஏற்றி அனுப்புகின்றன. செடிகள் பொறி வைப்பதில் மனிதருக்கு முந்தியவை.)

ஆண்களை மட்டும் கொன்று பூச்சியை ஒழிக்க முடியாதா என்றால், முடியும். பசிபிக் கடலில் மரியானா தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ரோட்டா என்னும் சிறு தீவில் 1960-களில் அது நிறைவேறியது. மெத்தில் யூஜெனாலும் நஞ்சும் ஊறிய அட்டைத் துண்டுகளை வானூர்தியிலிருந்து தீவு முழுதும் தூவினார்கள். ஆண்கள் அற்றுப்போயின, பெண்கள் கருவுறாமல் போயின, இனமே அத்தீவிலிருந்து மறைந்தது. ஜப்பானின் தென்கோடித் தீவுகளிலும் இதே முறை 1980-களில் வெற்றி கண்டது. ஆனால் அவை கடல் சூழ்ந்த நிலங்கள். ஒரே அரசு, ஒரே திட்டம், ஒரே நேரத்தில் நிலம் முழுதும் பொறி.

ரத்னகிரியிலோ மலிஹாபாத்திலோ கிருஷ்ணகிரியிலோ தோப்பு என்பது வேலிக்கு வேலி உரிமையாளர் மாறும் நிலம். ஒருவர் பத்துக் குடுவை கட்டுகிறார். அடுத்தவர் ஒன்றும் கட்டவில்லை. அதற்கடுத்த கொல்லையில் கொய்யாவும் சீத்தாவும் கவனிப்பாரின்றிக் காய்த்து விழுகின்றன. இந்த ஈக்கு உணவாகும் பயிர்களும் காட்டுமரங்களும் 200-க்கு மேல். ஓர் ஆண் ஈ பல பெண்களோடு கூடும். பத்தில் ஒன்பது ஆண்கள் குடுவையில் செத்தாலும் மீந்த ஒன்று எஞ்சியவற்றின் வேலையைச் செய்துவிடும். அடுத்த கொல்லையில் ஏற்கெனவே கருவுற்ற பெண் வேலியைத் தாண்டி வந்தால் இந்தத் தோப்பின் ஆண்கள் செத்ததற்கு எந்தப் பயனும் இல்லை. சாதகமான சூழலில் ஒரு பெண் தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடக் கூடியது. கண்காணிப்புக்கு மெத்தில் யூஜெனால் பொறி மிகச் சிறந்த கருவி. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பதோடும், ஊர் முழுதும் ஒரே நேரத்தில் வைப்பதோடும் சேரும்போது அது பயனும் தருகிறது. நிறைந்த குடுவையைக் காத்த பழத்தின் சான்றாகக் கொள்வதுதான் தவறு.

இனிப் பெண் ஈயிடம் வருவோம். கூட்டுப்புழுப் பருவம் முடிந்து மண்ணிலிருந்து வெளிவரும் பெண் ஈயின் வயிற்றில் முதிர்ந்த முட்டை இல்லை. முட்டை முதிரப் புரதம் வேண்டும். ஆகவே முதல் நாள்களில் அது நாடுவது புரதம் சிதையும்போது எழும் அம்மோனியா கலந்த நெடியை. இலைமேல் படிந்த பறவையெச்சம், நுண்ணுயிர் படர்ந்த பரப்பு, அழுகும் பொருள் ஆகியவை அதற்கு விருந்து. புரதம் நிறைந்து முட்டை முதிர்ந்து இணையும் கூடியபின் அதே ஈயின் நாட்டம் மாறுகிறது. இப்போது அதை இழுப்பது பழத்தின் மணம். சில நாள்களுக்கு முன் அதே மாம்பழம் அதே மரத்தில் அதே மணத்தோடு தொங்கியிருக்கலாம். மாறியது ஈயின் வயிறு. ஆய்வுக்கூடத்தில் பழச்சாற்றின் ஈர்ப்புத்திறனை அளக்கும் மாணவர் ஒருவர் ஐந்து நாள் வயதுப் பெண் ஈக்களை வைத்துச் சோதித்தால் ஒரு விடை வரும். கருவுற்ற பதினைந்து நாள் ஈக்களை வைத்துச் சோதித்தால் வேறு விடை வரலாம். இரண்டும் 'பழ ஈக்கள்' என்ற ஒரே பெயரில் ஆய்வேட்டில் ஏறும்.

பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கமலா ஜெயந்தியும் உடன் ஆய்வாளர்களும், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாருடன் சேர்ந்து செய்த வேலை இவ்விடத்தில் முக்கியமானது. 2012-இல் அவர்கள் அல்போன்சா, சௌசா ரகங்களின் மணத்தைத் தனித்தனி வேதிப்பொருள்களாகப் பிரித்து, சினைப்பெண் ஈயின் உணர்கொம்பு எவற்றுக்கு மின்துடிப்புக் காட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒரு பழத்தின் மணத்தில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருந்தாலும் உணர்கொம்பு பொருட்படுத்தியவை சிலவே. 2014-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் ஒரு பொருள் தனித்து நின்றது: காமா-ஆக்டாலாக்டோன். மாம்பழத்தை வாழ்நாளில் சந்தித்திராத பெண் ஈக்களும் அது இருந்த இடத்தில் முட்டைகளை மிகுதியாக இட்டன. கற்றுக்கொண்ட பழக்கமாக அது இருக்க இயலாது. பிறவியிலேயே அமைந்த அடையாளம் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள்.

காமா-ஆக்டாலாக்டோன் மனித மூக்குக்குத் தேங்காய் வாசம். உணவுத் தொழிலில் சுவையூட்டியாகவும் அது பயன்படுகிறது. புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தார் அல்போன்சாவின் மணத்தைப் பிஞ்சு முதல் கனி வரை தொடர்ந்து அளந்தபோது, லாக்டோன் வகைப் பொருள்கள் பழுக்கும் கட்டத்தில் தோன்றுவதைக் கண்டார்கள். அல்போன்சாவை உலகம் விலைகொடுத்து வாங்குவது எந்த மணத்துக்காகவோ, அதே மணக்குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றையே பெண் ஈயும் தன் குஞ்சுகளுக்கான தொட்டிலின் அடையாளமாகப் படிக்கிறது. ஈ நாடாத மாம்பழ ரகம் ஒன்றை உருவாக்குவோம் என்று திட்டமிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஈயை வரவிடாமல் தடுக்கும் மாம்பழம், வாங்குபவரையும் வரவிடாத மாம்பழமாகப் போய்விடலாம்.

ஈர்ப்புக்கு மறுபுறம் விலக்கம். 2020-இல் சீன ஆய்வாளர்கள் இதே ஈயைப் பற்றி வெளியிட்ட ஆய்வு வியப்பானது. ஒரு பெண் முட்டையிட்ட பழத்தில் அடுத்த பெண் முட்டையிடத் தயங்குகிறது. முட்டைகள் நெருங்கினால் புழுக்களுக்கு உணவு போதாது என்பதால் தயக்கத்தில் பொருளுண்டு. ஆனால் உள்ளே முட்டை இருப்பதை எப்படி அறிகிறது? முட்டையின் மேற்பரப்பில் பிராவிடென்சியா, கிளெப்சியெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் விளைவாகப் பழத்தில் பீட்டா-கேரியோபில்லீன் என்ற பொருளின் அளவு உயர்கிறது. அந்த உயர்வே பெண் ஈயை விலக்குகிறது. பீட்டா-கேரியோபில்லீன் ஏதோ அரிய நஞ்சன்று. மிளகிலும் கிராம்பிலும் உள்ள மணம். மாம்பழ ரகங்கள் பலவற்றின் இயல்பான வாசனையிலும் அது ஓர் அங்கம். அளவு கூடும்போது ஈ அதை 'இடம் நிரம்பிவிட்டது' என்று படிக்கிறது.

ஒரே மணக்கலவை ஒரு கூட்டத்தை ஈர்த்து இன்னொரு கூட்டத்தை விரட்டுவதும் உண்டு. வட அமெரிக்காவில் ஹாத்தார்ன் என்னும் முள்மரத்தின் சிறு பழங்களில் முட்டையிட்டுவந்த ஓர் ஈயினத்தின் ஒரு பிரிவு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடியேறிகள் நட்ட ஆப்பிள் மரங்களுக்குத் தாவியது. 2003-இல் சார்ல்ஸ் லின், ஜெஃப்ரி ஃபெடர், வெண்டெல் ரோலோஃப்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வின்படி, ஆப்பிளில் பிறந்த ஈக்கள் ஆப்பிள் மணக்கலவையை நாடுகின்றன. அதனோடு முள்மரப் பழமணம் சேர்ந்தால் விலகுகின்றன. முள்மரத்து ஈக்கள் இதற்கு நேர்மாறு. இரு பிரிவையும் கலந்து பிறக்கச் செய்த ஈக்களில் பெரும்பாலானவை வழக்கமான அளவில் இரண்டு மணத்துக்கும் சரியாக வரவில்லை. வேதியியல் அளவீட்டில் இரு குழுவுக்கும் வைத்த குப்பி ஒன்றே. எந்தப் பழத்தில் பிறந்த பரம்பரை என்பதைப் பொறுத்து ஒரு குப்பி அழைப்பாகவும் எச்சரிக்கையாகவும் மாறிவிட்டது.

இதற்கு எதிர்வழக்கும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. மழை பெய்தவுடன் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற ஒற்றைப் பொருளைக் காடிப்பழ ஈ முகர்ந்தால், வேறு எத்தனை நல்ல மணம் சூழ இருந்தாலும் முட்டையிடாமல் விலகுகிறது. அதற்கென்றே ஒரு தனி நரம்புப் பாதை அதன் மூளைக்குள் இருப்பதை 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தீங்கான பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஜியோஸ்மின் அடையாளம். எனவே சில மணங்களின் பொருள் மூலக்கூறிலேயே எழுதப்பட்டுள்ளது என்று வாதிடலாம். ஆனால் அங்கும் எழுதப்பட்டிருப்பது ஈயின் நரம்பில்தான். மண்வாசனையை மூச்சு நிறைய இழுத்து மகிழும் மனிதரும் அதே மூலக்கூற்றைத்தான் முகர்கிறார். காமா-ஆக்டாலாக்டோனும் பிறவி அடையாளமே; ஆயினும் சினைப்பெண்ணுக்கு அது முட்டையிடும் இடத்தைச் சுட்டும் குறி, ஆண் ஈக்கு அந்த வேலையே இல்லை.

தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கக் கூடாது. 'பிடிக்கும்' என்ற வினையைத் தனியே நிறுத்த முடியாது. அவனுக்குப் பிடிக்கும், அவளுக்குப் பிடிக்காது என்று நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர் ஒன்று முன்னால் வந்தாக வேண்டும். 'ஈர்ப்பான்', 'விரட்டி' என்ற கலைச்சொற்களோ அந்த உருபை உதிர்த்துவிட்டுப் பொருளின் குணம்போல் நிற்கின்றன. உப்பு கரிக்கும், சர்க்கரை இனிக்கும் என்பதுபோல மெத்தில் யூஜெனால் ஈர்க்கும் என்று எழுதப்படுகிறது. யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. (பூச்சி ஒரு 'மொழி'யைப் பேசுகிறது, பழம் ஒரு 'சொல்'லைச் சொல்கிறது என்ற உவமையும் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அழகான உவமைதான், ஆனால் பழம் ஈயிடம் எதுவும் சொல்ல விரும்பவில்லை. அது விதை பரப்பும் விலங்கை நோக்கி மணக்கிறது. ஈ ஒட்டுக்கேட்கிறது.)

பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளில் இந்த நான்காம் வேற்றுமையை மீட்டாலே பெரிய மாற்றம் நேரும். இன்ன செடியின் சாறு பழ ஈயை விரட்டுகிறது என்ற முடிவுரையோடு நிற்கும் ஆய்வேடு, ஈயின் பால், வயது, கருவுற்றதா, புரதம் உண்டதா, இதற்குமுன் பழத்தைக் கண்டதா என்ற விவரங்களைத் தராவிட்டால் அது ஏறத்தாழ ஒன்றும் சொல்லவில்லை. விரட்டியது மணமா, அல்லது ஈக்குப் பசி இல்லையா என்று அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆண்களைத் திரட்டுவது எளிது. ஒரு குடுவை போதும். சினைப்பெண்களை வளர்த்து, வயது குறித்து, பழம் காட்டாமல் வைத்திருந்து சோதிப்பது மாதக்கணக்கில் உழைப்பும் ஆய்வுக்கூட வசதியும் கேட்கும் வேலை. எளிதான வேலை மிகுதியாகவும் தேவையான வேலை அரிதாகவும் நடப்பதற்குக் காரணம் பெயர் மட்டுமே என்று சொல்வதற்கில்லை. நிதியும் காலக்கெடுவும் அதே திசையில் தள்ளுகின்றன. ஆயினும் பெயர், அந்தக் குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கிறது.

மறைந்து கிடக்கும் குறைக்கான விலை தோப்புக்கு வெளியே வசூலிக்கப்படுகிறது. பெண் ஈ முதிர்ந்த காயின் தோலுக்கடியில் முட்டையை வைத்துவிட்டுப் போகும்போது வெளியே தெரிவது ஊசி குத்திய ஒரு புள்ளி. காய் பறிக்கப்பட்டு, பெட்டியில் அடுக்கப்பட்டு, கப்பலிலோ விமானத்திலோ போகும் வழியில் உள்ளே புழு வளர்கிறது. இந்தியாவிலிருந்து சென்ற பழ, காய்கறிச் சரக்குகளில் 207-இல் பூச்சி முதலியன இருந்ததாக 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் கண்டறிந்து, 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தது. ஓர் அல்போன்சாப் பருவம் முழுதும் அந்தச் சந்தையை இழந்தது. 2015-இன் தொடக்கத்தில் மாம்பழத்துக்கான தடை நீங்கியது.

அதற்குள் கண்டுகொள்ளப்பட்ட தீர்வு, பழத்தைப் பறித்தபின் உள்ளே இருப்பதைக் கொல்வது. ஐரோப்பாவுக்கு 48 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம். ஜப்பானுக்கு நீராவிச் சூடு. அமெரிக்காவுக்கு 400 கிரே கதிர்வீச்சு. இவை வேண்டியவையே. ஆனால் இவை பெரிய ஏற்றுமதியாளருக்குக் கிட்டும் வசதிகள். உள்ளூர்ச் சந்தைக்குக் கூடையில் பழம் கொண்டுவரும் சிறு தோப்புக்காரருக்கு வெந்நீர்த் தொட்டியும் இல்லை, கதிர்வீச்சு நிலையமும் இல்லை. அவருக்குப் பயன்படக்கூடியது, பெண் ஈ பழத்தை அடையும் முன்பே அதைத் திசைதிருப்பும் ஏதேனும் ஒன்று. காமா-ஆக்டாலாக்டோனோடு வேறு மணங்களையும் சேர்த்துப் பெண்ணுக்கான பொறியொன்றைச் செய்வதும், பீட்டா-கேரியோபில்லீனைப் போன்ற ஒன்றைக் கொண்டு 'இடம் நிரம்பிவிட்டது' என்று பழத்தை நம்பவைக்கச் செய்வதும் வேதியியல் கற்பனை அல்ல. அடிப்படைக் கண்டுபிடிப்புகள் வெளியாகிவிட்டன. திறந்த தோப்பில், நூறாயிரம் உண்மைப் பழங்கள் மணக்கும் நடுவே, ஒரு குப்பியின் மணம் எடுபடுமா என்பதே தடை. மெத்தில் யூஜெனாலுக்கு அப்படிப்பட்ட போட்டி கிடையாது. அது தோப்பில் வேறெங்கும் மணப்பதில்லை. பெண்ணுக்கான பொறி கடினமாக இருப்பதன் காரணம் இதுவே. கடினமானது என்பதால்தான் தொடர்ச்சியான அரசு நிதியை அது கோருகிறது. இரண்டாண்டுத் திட்டங்களால் அது முடியாது.

இதற்கிடையே, பாகலும் புடலையும் பயிரிடும் தமிழ்நாட்டு உழவர்களிடம் வழக்கிலுள்ள ஒரு பொறியைக் கவனிக்கலாம். பிளாஸ்டிக் பையிலோ பாட்டிலிலோ துளையிட்டு, உள்ளே நனைத்த கருவாட்டுத் தூளை வைத்துப் பந்தலில் தொங்கவிடுகிறார்கள். அதன் பெயர் கருவாட்டுப் பொறி. பெயரில் கவர்ச்சி என்ற சொல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது. புரதம் சிதையும் நெடியை நாடி வருபவை முட்டை முதிரக் காத்திருக்கும் பெண் ஈக்கள். ஆண்களும் உடன் வருகின்றன. முட்டை முதிர்ந்து பழத்தைத் தேடிப் போவதற்கு முன்பே பெண் விழுகிறது. நாற்றம் தாங்காது, அடிக்கடி மாற்ற வேண்டும், மழையில் கெட்டுப்போகும், எட்டும் தூரமும் குறைவு. இந்தக் குறைகளையெல்லாம் பட்டியலிட்டு ஆய்வாளர்கள் அதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் குறைகளை நீக்கி அதை மேம்படுத்துவதற்கான தொடக்கப்புள்ளி அங்கேதான் இருக்கிறது.

மெத்தில் யூஜெனால் குடுவைக்கும் அதைப்போல் ஒரு நேரான பெயர் வேண்டும். 'ஆண் ஈப் பொறி' என்று துண்டறிக்கையிலும் குடுவையின் மேலட்டையிலும் அச்சிட்டால் போதும். புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை. விற்பவர்களுக்கு இந்தப் பெயர் பிடிக்காமல் போகலாம். வாங்குபவர் அட்டையைப் படித்துவிட்டு, பெண் ஈக்கு என்ன வைப்பது என்று கேட்பார்.